ஷார்ஜாவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலாமா? போன் போட்டால் அம்மாவே பேசி முடித்துவிடுகிறார். அதனால்தான் இது உங்களுக்கு மட்டும்.

சொந்தமாக ஒரு கார் பாலிஷ் மெஷின் வாங்கிவிட்டேன். ஒரு வாரச் சம்பளம் போயிற்று, அம்மாவிடம் சொல்ல வேண்டாம். நான் வேலை செய்யும் கடையில் இருப்பது ரோட்டரி, தட்டு சும்மா சுற்ற மட்டும் செய்யும். கரூர் பட்டறையில் பஸ் பாடிக்கு ஓட்டுவீர்களே, அதே ஜாதி. ஓரத்தில் கொஞ்சம் கூடுதலாக நின்றால் பெயிண்ட் எரிந்துவிடும் என்பதால் புது ஆளிடம் தரமாட்டார்கள். என்னுடையது டூயல் ஆக்‌ஷன். தட்டு சுற்றிக்கொண்டே 15 மில்லிமீட்டர் வட்டத்தில் ஆடவும் செய்யும். ஒரே இடத்தில் சூடு அவ்வளவாகச் சேராது, கற்றுக்கொள்பவனுக்குப் பயம் குறைவு.

யாருடைய வண்டியிலும் கை வைக்கவில்லை. இங்கே பழைய உதிரிபாகம் விற்கும் தெருக்களில் ஒரு கருப்பு கார் பானெட் வாங்கி, ஷெட்டின் மூலையில் இரண்டு டிரம் மேல் போட்டிருக்கிறேன். சுருள் சுருளான கீறலெல்லாம் கருப்பில்தான் நன்றாகத் தெரியும்.

முதல் நாள் மெஷினைக் காற்றில் பிடித்தபடியே சுவிட்சைப் போட்டேன். தேய்க்கிற காம்பவுண்ட் பசை முழுக்க என் சட்டையிலும் சுவரிலும். பானெட்டில் ஒரு சொட்டுகூட இல்லை! அப்புறம் தட்டில் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் பேடை பானெட்டில் வைத்துவிட்டு ஆன் செய்தேன். அரை மணி நேரம் தேய்த்தும் ஒரு கீறல் போகவில்லை. கடையில் ஒரு சேட்டன் இருக்கிறார், வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் மார்க்கரை எடுத்துத் தட்டின் விளிம்பில் ஒரு கோடு கிழித்து, "இனி ஓட்டு" என்றார். கோடு நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. நான் அழுத்திய அழுத்தில் தட்டு சுற்றவே இல்லை, மெஷின் வெறுமனே அதிர்ந்திருக்கிறது. கையை இலேசாக்கினேன், கோடு சுற்ற ஆரம்பித்தது. பேட் சாய்ந்தாலும் அப்படித்தான் நின்றுவிடுகிறது. "அழுத்தாதேடா, காம்பவுண்ட் வேலை செய்யட்டும்" என்று வேஸ்ட் காட்டனைக் கையில் கொடுத்து நீங்கள் கத்தியது அப்போதுதான் காதில் விழுந்தது.

இப்போது கை பழகிவிட்டது. கழுவி, களிம்புக் கட்டி போல ஒன்று இருக்கிறது, க்ளே பார் என்பார்கள், அதை வழுவழுப்பாகும்வரை ஓட்டுகிறேன். ரப்பர், பிளாஸ்டிக், ஓரங்களுக்கெல்லாம் டேப். (ஒருமுறை டேப்பை மறந்து, காய்ந்த வெள்ளைக் கறையைப் பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினேன்.) பேடில் பட்டாணி அளவு நாலு சொட்டு. இரண்டடிக்கு இரண்டடி இடம்தான், அதற்கு மேல் ஆசைப்படக்கூடாது. ஒன்றாம் வேகத்தில் பரப்பி, நாலு ஐந்தில் ஓட்டி, குறுக்கும் நெடுக்குமாக மெதுவாக நகர்த்துகிறேன். எப்போதும் மென்மையான பேடில்தான் தொடக்கம். அதில் போகாவிட்டால்தான் முரட்டுப் பேட்.

ஒன்றில் மட்டும் உங்கள் பாடம் இங்கே செல்லவில்லை அப்பா. "துணியில் நிறம் வந்தால் கவனி" என்பீர்கள். அது டூகோ பெயிண்ட் காலத்துக்குச் சரி, அதில் நிறம்தான் மேல் பூச்சு. இந்த வண்டிகளில் நிறத்துக்கு மேல் கிளியர் கோட் என்று நிறமில்லாத பூச்சு இருக்கிறது. எவ்வளவு தேய்த்தாலும் பேடில் வெள்ளைதான் வரும், நிறம் வருவதற்குள் கிளியர் தீர்ந்துபோயிருக்கும். அது பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லிசு. அதனால் பெயிண்ட் தடிமன் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்க்கிறோம். அதுவும் மொத்தத் தடிமனைத்தான் சொல்லும், கிளியர் எவ்வளவு மிச்சம் என்று பிரித்துச் சொல்லாது. கடைசியில் நீங்கள் சொன்ன இன்னொன்றுதான் கை கொடுக்கிறது: நகம் மாட்டுகிற கீறலை விட்டுவிடுகிறேன்.

போன வாரம் ஒருவர், வண்டி எங்கும் அடிபடவே இல்லை என்று சத்தியம் செய்தார். மற்ற எல்லா இடத்திலும் மீட்டர் 110, 120 மைக்ரான் காட்டியது. இடது பின்கதவில் 280. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன், தகரச் சத்தம் சுத்தமாக வந்தது. பள்ளத்தை நிரப்பும் பட்டி இருந்தால் சத்தம் மந்தமாக வரும். பட்டி இல்லை, மறு பெயிண்ட் மட்டும் என்றேன். சேட்டன் என்னை ஒரு பார்வை பார்த்தார். தட்டிப் பார்ப்பது இங்கே யாருக்கும் தெரியவில்லை.

வெயில்தான் கஷ்டம். செப்டம்பர் 15 வரை, மதியம் 12.30 முதல் 3 மணி வரை திறந்தவெளியில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம். எங்களுக்கு ஷெட் இருக்கிறது, ஆனாலும் தகரம் சூடாக இருந்தால் காம்பவுண்ட் உடனே காய்ந்து பிசுபிசுக்கிறது. அதனால் என் பானெட் வேலை மாலைப் பாங்குக்கு அப்புறம்தான்.

பணம் ஐந்தாம் தேதிக்குள் வந்துவிடும். லீவில் வரும்போது மெஷினைக் கொண்டு வருகிறேன். இங்கே பிளக்குக்கு மூன்று சதுரக் கால், நம் வீட்டில் நுழையாது. எலக்ட்ரீஷியனிடம் ஒரு அடாப்டர் சொல்லி வையுங்கள். அதுவரை நம் அம்பாசடர் மேல் யாரும் காம்பவுண்ட் டப்பாவோடு போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது டூகோ, துணியில் நிறம் வரும். பக்கத்தில் நீங்கள் நிற்க வேண்டும்.

உங்கள் மகன்