வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக் கூட்டத் தீர்மானப்படி இந்த ஆண்டு முழுவதும் ஒரு வகை நாவல்களையே வாசித்தோம். ஆறாத மனக்காயம், காதல், குடும்பம் மூடி வைத்த இரகசியம், அதற்குப் பிறகும் ஒருவருக்கு இன்னொரு வாழ்க்கை வாய்க்குமா என்ற கேள்வி, இவற்றைச் சுமக்கும் நாவல்கள். "வருசம் முழுக்க அழுகைக் கதையோ?" என்று அன்றைக்கே சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியை மனதில் வைத்தே இந்த அறிக்கையை எழுதியிருக்கிறேன்.

கூட்டங்கள் வழக்கம்போல மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் கொழும்பு வெள்ளவத்தையில் நடந்தன. மழையாலும் பிள்ளைகளின் சோதனையாலும் தள்ளிப் போனவை உண்டு. விவரம் கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' நாவலோடு தொடங்கினோம். 1966இல் வந்த புத்தகம், இன்றைக்கும் சபையை இரண்டாகப் பிரிக்கிறது. தாய் அலங்காரத்துக்குக் கணவன் அல்லாத ஒருவரோடு உள்ள உறவு வீட்டில் எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. வேதம் படிக்கப் போன மகன் அப்பு படிப்பு முடிந்து திரும்பி வரும்போதுதான் அந்த மௌனத்துக்கு விலை கேட்கப்படுகிறது. இளையவர்கள் இந்துவின் பக்கம் நின்றார்கள். சிறு வயதிலேயே கணவனை இழந்த அவள், தன் அன்பை மறைக்காமல் அப்புவிடம் சொல்கிறாள். அம்மாவின் இரகசியமும் இந்துவின் வெளிப்படையும் ஒரே நாவலில் எதிரெதிரே நிற்பதை ஒரு தம்பி எடுத்துக் காட்டினார். அந்தக் கூட்டம் நேரத்துக்கு முடியவில்லை.

இந்த ஆண்டின் மிகப் பெரிய உரையாடல் ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' பற்றியது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1966இல் 'அக்னிப் பிரவேசம்' என்ற சிறுகதை ஆனந்த விகடனில் வந்தது. மழைக்கு ஒருவனின் காரில் ஏறிய மாணவி சீரழிக்கப்பட்டு வீடு திரும்புகிறாள். தாய் முதலில் பதறி அடிக்கிறாள், பிறகு அவள் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ தூய்மையானவள், இதை யாருக்கும் சொல்லாதே என்று அணைத்துக்கொள்கிறாள். வாசகர்களிடையே பெரிய சர்ச்சை எழுந்தது. 1970இல் நூலான நாவலில் ஜெயகாந்தன் மற்றப் பாதையைத் திறந்தார். இங்கே தாய் கத்திவிடுகிறாள். அக்கம்பக்கம் அறிகிறது, அண்ணன் வீட்டைவிட்டு விரட்டுகிறான். அந்தப் பெண் கங்கா, படித்து நல்ல உத்தியோகத்துக்கு வந்த பிறகும் அந்த மழை நாள் அவளை விடவில்லை. 1972ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது இந்த நாவலுக்குக் கிடைத்தது.

ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வாசித்தார். ஒரே பெண், ஒரே மழை, தாயின் வாயிலிருந்து வரும் சொல் மட்டும் வேறு. மறைத்த தாய் நல்லவள், கத்திய தாய் கெட்டவள் என்றே பேச்சுப் போய்க்கொண்டிருந்தது. அப்போது மூத்த உறுப்பினர் ஒருவர், "அந்த நேரம் அந்தத் தாய்க்கு ஆர் இருந்தது? விதவை, மகன் தயவில இருக்கிறவ. அவவையும் ஒருத்தர் பிடிச்சு இருத்தியிருக்க வேணும்" என்றார். அதற்குப் பிறகு பேச்சின் போக்கே மாறியது. தங்கள் வீட்டில் யார் எதை மறைத்தார்கள், எதற்குப் பயந்து மறைத்தார்கள் என்று ஒவ்வொருவராகக் கதைக்கத் தொடங்கினார்கள். அன்று சொல்லப்பட்டவை குறிப்பேட்டில் எழுதப்படவில்லை. இனிமேலும் எழுதப்படக் கூடாது என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது.

ஆண்டின் பிற்பகுதியில் நம் நாட்டுப் போரைச் சொல்லும் நாவல்களுக்கு வந்தோம். தமிழ்க்கவியின் 'ஊழிக்காலம்', சயந்தனின் 'ஆதிரை', அப்புறம் வி.வி. கணேசானந்தன் ஆங்கிலத்தில் எழுதிய 'பிரதர்லெஸ் நைட்'. கடைசியாகச் சொன்னது 2024இல் பிரித்தானியாவின் பெண்களுக்கான புனைகதைப் பரிசைப் பெற்றது. மருத்துவராக விரும்பும் யாழ்ப்பாணத்துப் பெண் சஷி தன் அண்ணன்மாரை ஒவ்வொரு விதமாக இழக்கும் கதை. ஆங்கில வாசிப்புப் பழக்கம் இல்லாதவர்களுக்காக மூன்று பிள்ளைகள் பகுதி பகுதியாகத் தமிழில் சொன்னார்கள். 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில், கொழும்பில் மூத்த அண்ணன் பறிபோகும் இடம் வந்தபோது, அதே கொழும்பில், காலி நகரை நோக்கிப் போகும் காலி வீதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நாங்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அந்த நாட்களில் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் இருந்தவர்களும், கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஒருவர் எழுந்து வெளியே போய்விட்டார். போகட்டும் என்று விட்டோம். அடுத்த மாதம் அவரே திரும்பி வந்தார்.

அந்த அனுபவத்திலிருந்து இரண்டு நடைமுறைகள் வந்தன. புத்தகத்தில் பாலியல் வன்முறை, தற்கொலை, குண்டுவீச்சு போன்றவை இருந்தால் கூட்ட அறிவித்தலிலேயே சொல்லிவிடுவோம். விருப்பமில்லாதவர் அந்த மாதம் வராமல் இருக்கலாம், காரணம் கேட்கப்படாது. மற்றது, யாராவது தன் கதையைச் சொன்னால் உடனே ஆறுதலும் அறிவுரையும் சொல்லப் பாய வேண்டாம், கேட்டுக்கொண்டிருப்போம். வாசகர் வட்டம் வைத்தியம் செய்யும் இடம் அல்ல. தேவைப்படுவோருக்குத் தேசிய மனநல உதவி இலக்கம் 1926 நூலக அலுமாரிக் கதவில் ஒட்டப்பட்டிருக்கிறது.

சரி, அழுகைக் கதை பற்றிய கேள்விக்கு வருகிறேன். அழவைப்பது கஷ்டமான வேலை அல்ல. ஒரு குழந்தையைச் சாகடித்தால் போதும், எவருக்கும் கண் கலங்கும். இந்த ஆண்டு தேர்வுக்கு வந்து நாங்கள் ஒதுக்கிய நாவல்கள் பலவும் அந்த வகைதான். இருநூறு பக்கம் ஒரு இரகசியத்தை ஒளித்து வைத்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் உடைத்து, எல்லோரையும் கட்டிப்பிடிக்க வைத்து முடித்துவிடுகின்றன. இரகசியம் உடைந்த மறுநாள் அந்தக் குடும்பம் எப்படிச் சாப்பிட உட்கார்ந்தது என்று அவை சொல்வதில்லை. நாங்கள் வாசித்த நல்ல நாவல்களுக்கு அந்த மறுநாள்தான் முக்கியம். 'ஊழிக்காலம்' நாவலில் ஒரு பாட்டி பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இடம்பெயர்ந்து போகிறாள். அழ நேரமில்லாமல், அடுத்த வேளை உணவுக்கு என்ன வழி என்று பார்க்கிறாள். கங்காவுக்கு ஜெயகாந்தன் இனிப்பான முடிவு எதையும் தரவில்லை. 'கங்கை எங்கே போகிறாள்' என்று இன்னொரு நாவலே எழுத வேண்டி வந்தது. இரண்டாவது வாய்ப்பு என்பது இவ்வளவு மெதுவாகத்தான் வரும் என்று எழுதத் துணிந்தவர்களை வாசிக்கவே நாம் கூடுகிறோம் என்று நான் நம்புகிறேன். அடுத்த ஆண்டும் இதே வழியில் போக வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

நூலகம் பற்றி. இந்தியப் பதிப்புகளின் விலை 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு பலருக்கும் எட்டாததாகிவிட்டது. அதனால் ஒரு பிரதியைப் பலர் மாற்றி மாற்றி வாசிக்கிறோம். பழைய ஈழத்து நூல்கள் பலவற்றை 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இலவசமாகவே வாசிக்கலாம்; கைபேசியில் திறக்கத் தெரியாதவர்களுக்கு இளைய உறுப்பினர்கள் காட்டிக் கொடுக்கிறார்கள், அவர்களுக்கு நன்றி. இரவல் புத்தகங்களை ஒரு மாதத்தில் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். 'ஆதிரை' பெரிய புத்தகம் என்பதால் அதற்கு மட்டும் இரண்டு மாதம்.

மண்டபம் தந்தவர்களுக்கும், கதிரை அடுக்கியவர்களுக்கும், ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிளேன்டீ ஊற்றித் தந்த அக்காமாருக்கும் நன்றி.

புதிய ஆண்டின் முதல் நாவலாக, மலையகத் தோட்ட வாழ்வைச் சொல்லும் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' முன்மொழியப்பட்டிருக்கிறது. 1964இல் வெளியான நாவல். ஹட்டன், பதுளைப் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வந்து குடியேறிய உறுப்பினர்கள் அந்தக் கூட்டத்தை முன்னின்று நடத்தச் சம்மதித்திருக்கிறார்கள். பிரதி வைத்திருப்போர் இன்றே நூலகப் பொறுப்பாளரிடம் பெயரைக் கொடுக்கவும்.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்