'வாடகை ஒரு பிரச்சினையே அல்ல'

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டு வசதிக் கட்டுரையில், 'சிறுநகரங்களில் வாடகை ஒரு பிரச்சினையே அல்ல' என்று ஒரு வரி. எழுதியவர் அம்பாசமுத்திரத்தில் வீடு தேடி அலைந்தவராகத் தெரியவில்லை. நான் 22 வருஷத்தில் ஏழு வீடு மாறியவன்.

இப்போது இருப்பது ஐந்து குடித்தனம் உள்ள வளவு. எங்களுக்கு ஒரு பட்டாசல் (முன்கூடம்), ஒரு அடுக்களை. என் சம்சாரம் பீடி சுற்றுகிறாள். சுளகை மடியில் வைத்து அவள் உட்கார்ந்துவிட்டால், மகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முடுக்குச் சந்துக்குப் போய்விட வேண்டும். வாடகை 4,500. அட்வான்ஸ் 50,000. 2019-ல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறதே என்று வீட்டுக்காரரிடம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப அந்தச் சட்டத்துலயே போய்க் குடியிருங்க அண்ணாச்சி" என்றார்.

கரண்ட் கதை தனி. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு தருகிறது. எங்கள் ஐந்து வீட்டுக்கும் ஒரே இணைப்பு. ஆளுக்கொரு துணை மீட்டர். யூனிட் பத்து ரூபாய். அந்த இலவசம் யார் வீட்டில் எரிகிறது என்று தங்களுக்குத் தெரியாததா?

இத்தனைக்கும் முன்னால், 'சொந்த ஊர் எது, எந்தத் தெரு?' என்று ஒரு விசாரணை உண்டு. தெருப் பெயரைச் சொன்னதும் சாவி தொலைந்துபோன வீடுகள் எனக்கே மூன்று.

அரசின் வீட்டு மானியத்துக்கு வருகிறேன். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் நாமே வீடு கட்டிக்கொள்ளப் பணம் கேட்டால் மனை வேண்டும், பட்டா வேண்டும். அது இருந்தால் நான் ஏன் ஐயா விடியக்காலம் கக்கூஸ் வாசலில் வாளியோடு வரிசையில் நிற்கிறேன்? 2020-ல் ஏழைகளுக்கு வாடகைக் குடியிருப்பு என்று மத்திய அரசு ஒரு திட்டம் அறிவித்தது. ஓர் அலுவலகத்தில் அதைக் கேட்டேன். "வாடகைக்கா? கவர்மென்டா?" என்று பக்கத்து மேஜையைப் பார்த்துச் சிரித்தார்கள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் ஆலைப் பெண்கள் 18,720 பேர் தங்க 2024-ல் அடுக்குமாடிகள் திறந்தார்கள். நல்ல காரியம், குறை சொல்லவில்லை. இங்கே பீடிக்காரிக்கு வீடுதான் ஆலை. அந்த ஆலைக்கும் அவளேதான் வாடகை கட்டுகிறாள்.

மறுப்பெல்லாம் போட வேண்டாம். வாடகைக்கு மானிய வீடு கேட்டு எங்கள் தாலுகாக்காரர்கள் எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று அடுத்த இதழில் ஒரு மூலையில் நாலு வரி போட்டால் போதும்.

இதழைத் தைப் பொங்கல் வரை இந்த முகவரிக்கே அனுப்புங்கள். வீட்டைக் காலி செய்ய அதுவரைக்கும்தான் தவணை கொடுத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
அம்பாசமுத்திரம்.