ராஜாஜி எதை விற்றார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில், 1967இல் தி.மு.க.வோடு கூட்டு வைத்த அன்றே ராஜாஜி கொள்கையை விற்றுவிட்டார் என்று ஒரு வரி. படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. எதை விற்றார், என்ன விலைக்கு? சட்டசபையில் 20 இடம் கிடைத்தது. மந்திரி பதவி ஒன்றுகூடக் கிடையாது. பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று நாட்டைக் கட்டிப்போட்டிருந்த காங்கிரஸை இறக்க அவருக்கு வேறு எந்த வழி இருந்தது?

சந்தைக்கு முழு விடுதலை வேண்டும், பாதியில் சமரசம் செய்தால் துரோகம் என்கிறார் கட்டுரையாளர். பெர்மிட்டுக்காக நின்றவர் அப்படி எழுதமாட்டார். 1978இல் நான் வீடு கட்டத் தொடங்கினேன். சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்ததும் சிமென்ட் தீர்ந்துபோயிற்று. மனு எழுதிக்கொண்டு ஓர் அலுவலகத்துக்குப் பதினோரு தடவை நடந்தேன். கேட்டது 80 மூட்டை, கொடுத்தது 25. அதிலும் பாதி கட்டிதட்டிப் போயிருந்தது. மீதியை என் மனைவியின் வளையலை அடகு வைத்துக் கள்ள மார்க்கெட்டில் வாங்கினோம். மாடிக்கு விட்ட கம்பி துருப்பிடித்து நின்றது. 1982இல் அரசாங்கம் சிமென்ட் கட்டுப்பாட்டை ஓரளவுதான் தளர்த்தியது. முழுதாக எடுத்தது 1989இல். அந்த அரைகுறைத் தளர்வில்தான் என் மாடி எழும்பியது. 1952இல் முதலமைச்சராக வந்த சில மாதங்களிலேயே அரிசி ரேஷன் கட்டுப்பாட்டை நீக்கிய ராஜாஜிக்கு இந்த அருமை தெரியும்.

மதுவிலக்கை ஆதரித்தவருக்குத் தனிமனித சுதந்திரம் பேச யோக்கியதை இல்லையாம். மதுவிலக்கில் எனக்கும் அவரோடு உடன்பாடு இல்லை. பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் அப்பன் தொழில் என்ற அவருடைய குலக்கல்வித் திட்டத்தை, பள்ளி ஆசிரியனாக இருந்த நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் அவருடைய கட்சியின் 21 கொள்கைகளில் கடைசியானதே, அடிப்படைக் கொள்கைக்கு வெளியே உள்ள விஷயங்களில் உறுப்பினர் அவரவர் மனசுப்படி நடக்கலாம் என்பதுதான். தங்களுக்குத் தெரியாததல்ல. வேறெந்தக் கட்சி அப்படி எழுதிக் கொடுத்தது?

1991 பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றித் தாங்கள் சிறப்பிதழ் போட்டபோதும் அவர் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அப்போது நான்கு பக்கம் எழுதினேன். பதில்கூட வரவில்லை. முப்பது வருஷச் சந்தாதாரனுக்கு அது வலித்தது. இன்றும் வலிக்கிறது.

கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. படத்தின் கீழே கட்சி தொடங்கிய ஆண்டு 1957 என்று போட்டிருக்கிறீர்கள். 1959. அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
கும்பகோணம்.