கடைசி ரயில் எத்தனை மணிக்கு?

கால்பந்து ஆட்ட அட்டவணையைக் கையில் வைத்திருக்கும் லீக் நிர்வாகத்தினருக்கும், அதை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கும் தொலைக்காட்சி நிறுவனத்தினருக்கும்,

வணக்கம்.

சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு நடப்பதாக இருந்த ஆட்டத்தைப் போன மாதம் திங்கட்கிழமை இரவு 8 மணிக்குத் தள்ளினீர்கள். எந்த ஆட்டம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. லண்டனிலிருந்து இங்கிலாந்தின் வட கோடிக்குப் போய்வர வேண்டியவர்கள் நாங்கள். நியூகாசில் வரை போவதென்றால் ரயில் பாதையில் ஏறக்குறைய 430 கிலோமீட்டர்; எங்கள் பயணமும் கிட்டத்தட்ட அந்தத் தூரம்தான்.

நானும் பதினொரு வயது மகனும் முன்கூட்டியே ரயில் டிக்கெட் வாங்கியிருந்தோம். மலிவு டிக்கெட் என்பதால் குறிப்பிட்ட ரயிலில்தான் ஏற முடியும், பணமும் திரும்ப வராது. வேறு ரயிலுக்கு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு ஒரு கட்டணம், அதற்கு மேல் விலை வித்தியாசம். சரி, கட்டிவிடுகிறேன். எந்த ரயிலுக்கு மாற்றுவது? அன்று ஆட்டத்தின் இரண்டாம் பாதி தொடங்கும் நேரத்தில் லண்டனுக்கான கடைசி ரயில் புறப்பட்டுப் போய்விட்டது. ஆட்ட நேரத்தைக் குறிப்பதற்கு முன் ரயில் அட்டவணையை ஒருமுறை பார்த்தீர்களா? நான் கேட்க வந்தது இவ்வளவுதான்.

கடைசியில் பஸ்ஸில் போனோம். ஆட்டத்தில் தோற்றோம், அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் பஸ்ஸில் எழுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் உண்டு. நான் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பிருந்தே இந்த அணிக்காக ஊர் ஊராகப் போகிறவர். அன்று போகும்போதே பஸ்ஸின் கழிப்பறைக் கதவில் 'பழுது' என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆட்ட இடைவேளையில் நான் நீட்டிய தேநீரை அவர் வாங்கவில்லை. “வேண்டாம், திரும்பிப் போக ஆறு மணி நேரம் ஆகுமே” என்றார். விரல்கள் விறைக்கும் குளிர். ஆட்டம் பார்க்க வந்த மனிதர் ஒரு குவளைத் தேநீருக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்தே அப்படித்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

நாலரை மணி நேரம் ஓட்டிய பஸ் ஓட்டுநர் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது விதி. அதை முதலில் 15, பிறகு 30 என்று பிரித்துக்கொள்ளலாம். எங்கள் ஓட்டுநர் நல்ல மனிதர். பெரியவருக்காக அந்த 15 நிமிடத்தை முன்னதாகவே எடுத்துக்கொண்டு, நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் வண்டியை நிறுத்தினார். பெரியவர் கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். பின்னால் நாற்பது பேர் காத்திருந்தோம். சில மணி நேரம் முன்பு தொண்டை கிழியப் பாடிய கூட்டம், ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. திரும்ப ஏறியவர், தாமதத்துக்கு எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் அவர்தானா என்பதை உங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

வீடு வந்து சேர்ந்தபோது மணி 4.20. மகனுக்கு 8.45-க்குப் பள்ளி.

உங்கள் தரப்பு நியாயம் எனக்கும் தெரியும். சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் எந்த ஆட்டத்தையும் நேரடியாக ஒளிபரப்பக் கூடாது என்ற கட்டுப்பாடு 1960களிலிருந்து இருந்துவருகிறது. வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர்களால் மைதானங்கள் காலியாகிவிடக் கூடாது என்று கொண்டுவந்தது. ஒளிபரப்ப வேண்டுமென்றால் ஆட்டத்தை வேறு நேரத்துக்கு மாற்றியாக வேண்டும். மாற்றினால் மைதானத்துக்கு வந்தவன் வீடு திரும்ப வழியில்லை. யாரை மைதானத்துக்கு வரவழைக்க அந்தக் கட்டுப்பாடோ, அவன் தலையிலேயே எல்லாம் விடிகிறது.

1985-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஆட்டத்துக்குப் போகும் பஸ்ஸில் மது கொண்டுபோகக் கூடாது. நான் குடிப்பவன் அல்ல, எனக்கு அதில் வருத்தமும் இல்லை. ஆனால் எங்கள் பஸ்ஸில் என்ன இருக்கக் கூடாது என்று நாற்பது ஆண்டுகளாகக் கவலைப்படும் இந்த நாட்டில், நாங்கள் திரும்பிப் போக ஒரு ரயில் இருக்க வேண்டுமே என்று கவலைப்பட ஒரு ஆள் கிடையாது. தொலைக்காட்சியில் மட்டும் எங்களுக்குக் குறைவில்லை. நாங்கள் பாடுவதைக் காட்டுகிறீர்கள், “வெளியூர் ரசிகர்களின் உற்சாகத்தைப் பாருங்கள்” என்று வர்ணனையாளர் உருகுகிறார். அந்த உற்சாகம் இரவு பத்து மணிக்கு மேல் எந்த நடைமேடையில் நிற்கிறது என்று காட்ட ஒரு கேமராவையும் காணோம். பருவச் சீட்டு விற்கும் விளம்பரத்தில் நாங்கள் 'குடும்பம்'. குடும்பத்தில் ஒருவரை நடுராத்திரி நடுத்தெருவில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வது எங்கள் வழக்கத்தில் இல்லை; உங்கள் வீட்டில் எப்படியோ.

மன்னிக்கவும். மரியாதையாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

முடியாததைக் கேட்கவில்லை. இங்கிலாந்தின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களின் டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று 2016-17 பருவத்தில் உச்சவரம்பு வந்தது. ரசிகர்கள் விடாமல் கேட்டதால் வந்தது. 2022 ஏப்ரலில் லிவர்பூல், மான்செஸ்டர் சிட்டி அணிகள் எஃப்.ஏ. (இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம்) கோப்பை அரையிறுதிக்கு லண்டனின் வெம்ப்ளி மைதானத்துக்கு வந்தபோது, அந்த இரு ஊர்களின் ரயில்களும் வந்து சேரும் யூஸ்டன் ரயில் நிலையம் பராமரிப்புப் பணிக்காக ஈஸ்டர் விடுமுறை முழுக்க மூடிக் கிடந்தது. கூச்சல் எழுந்த பிறகு 100 இலவச பஸ்களை ஏற்பாடு செய்தார்கள். கூச்சல் எழுவதற்கு முன்பே ரயில் அட்டவணையைப் புரட்டியிருக்கலாம் என்பது வேறு விஷயம். மனம் வைத்தால் நடக்கிறது.

ஆகவே திரும்பவும் பணிவோடு கேட்கிறேன். ஆட்ட நேரத்தைக் குறிக்கும் முன் வெளியூர்க்காரர்களின் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று பாருங்கள். அந்த ரயிலைப் பிடிக்க முடியாத நேரத்தில் ஆட்டத்தை வைக்காதீர்கள். வைத்தே தீர வேண்டுமென்றால், ஒளிபரப்பில் வரும் பணத்திலிருந்து எங்களுக்கு ஒரு பஸ் பிடித்துக் கொடுங்கள், கழிப்பறை வேலை செய்கிற பஸ்ஸாக.

அடுத்த மாதமும் வடக்கே ஓர் ஆட்டம் இருக்கிறது. இப்போதைக்குச் சனிக்கிழமை 3 மணி என்று போட்டிருக்கிறீர்கள். டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது. வாங்கவும் பயம், வாங்காமல் இருக்கவும் பயம். மாற்றுவதாக இருந்தால் தயவுசெய்து இந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். பெரியவரும் விசாரிக்கச் சொன்னார். இந்த முறை அவர் ரயிலில்தான் வருவாராம்.

இப்படிக்கு,
வெளியூர் ரசிகர்கள் பகுதியில் மகனோடு நின்றுகொண்டிருந்த ஒருவன்