அம்மாவுக்கு வாசித்துக் காட்டாதே

டஃப்டவுன், ஸ்காட்லாந்து
ஜனவரி 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்து ஒன்பது நாளாகிறது. அதற்கு முந்தியதற்கே பதில் போடவில்லை என்று முதல் வரியிலேயே குத்திக்காட்டிவிட்டாய். போனில்தான் பேசுகிறோமே என்று இருந்துவிட்டேன். ஆனால் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுவாள், பக்கத்தில் பெரியத்தை உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்டியா, குளிருதா என்பதைத் தாண்டி அதில் என்ன பேச முடியும்? அதனால் எழுதுகிறேன். நீ மட்டும் படி.

உன் கடிதம் நேராக என் கைக்கு வரவில்லை. தபால்காரர் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டார். அந்த வீட்டுத் தாத்தா கொண்டுவந்து தந்தார். தருவதற்கு முன்னால் உறையை மூக்கருகே வைத்து ஓர் இழுப்பு இழுத்து, "கற்பூரம். அப்புறம் ஏதோ பொடி, மஞ்சளா?" என்றார். நீ இன்னும் உறைகளைப் பூஜை அலமாரியில்தான் வைக்கிறாயா? அவர் போனபிறகு நானும் முகர்ந்து பார்த்தேன். எனக்குக் காகித வாசனைதான் வந்தது.

அவரைப் பற்றி ஏற்கெனவே சொன்னேன், பீப்பாய் தாத்தா. பதினாறு வயதில் பீப்பாய் கட்டும் வேலைக்குப் போனவர். இரும்பு வளையத்தைச் சுத்தியலால் அடித்து அடித்துக் காது போய்விட்டது, மூக்கு மட்டும் பாக்கி. எதைக் கையில் எடுத்தாலும் முதலில் மூக்குக்குத்தான் போகும். நான் தாளித்தால் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "இன்று கடுகு கருகிவிட்டது" என்பார். அது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும்.

இந்த ஊரில் திரும்பின பக்கமெல்லாம் விஸ்கி ஆலை. வந்த புதிதில் வீட்டுச் சுவரும் மரக்கிளையும் கரிபிடித்த மாதிரி இருந்ததைப் பார்த்து, ஏதோ தீவிபத்து நடந்திருக்கிறது என்று நினைத்தேன். ஜன்னல் விளிம்பை ஒருநாள் முழுக்கத் தேய்த்தேன், போகவில்லை. தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். அது புகை இல்லையாம், ஒருவகைப் பூஞ்சை. கிடங்கில் கிடக்கிற பீப்பாய்களிலிருந்து வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு சாராயம் ஆவியாகிக் காற்றில் போகிறது. அதைத் தின்று வளர்கிற கறுப்பு. ஆவியாகிப் போவதற்கு 'தேவதைகளின் பங்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நஷ்டக் கணக்குக்கு என்ன அழகான பெயர் பார். நம் சீட்டுக்காரர் காதில் போட்டுவிடாதே.

இனி சொல்லப்போவதுதான் அம்மாவுக்குத் தெரியக்கூடாதது. வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் தாத்தா வீட்டில் ஐந்து பேர் கூடுகிறோம். கூடுவது குடிப்பதற்கு என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் நீ பதறாதே. அங்கே விறகு அடுப்பு எப்போதும் எரியும். என் அறையில் ஹீட்டரை நான் அவ்வளவாகப் போடுவதில்லை, வறட்டு இருமல் வருகிறது. டிசம்பரில் மூன்றரை மணிக்கே இருட்டிவிட்டது, இப்போது கொஞ்சம் பரவாயில்லை. ஆக, வியாழன் எனக்குச் சௌகரியம். நான் புட்டி எதுவும் வாங்கிப் போவதில்லை, பாத்திரம் கழுவித் தருகிறேன்.

ஒரு ஆளுக்கு ஒரு தம்ளர், அடி பெருத்து வாய் குறுகி, துலிப் பூ மாதிரி. அதில் விடுவது நம் வீட்டுப் பாலாடையில் பாதிதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஒருமணி நேரம்! முதலில் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது. அதையும் நம்பக்கூடாதாம், கேரமல் சேர்த்து நிறம் ஏற்றச் சட்டம் இடம் கொடுக்கிறது. பிறகு வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர்வது. பிறகு ஒரு சொட்டு நாக்கில். அதற்கப்புறம் சின்னக் கரண்டியால் இரண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடியும் முகர்வது. அப்போது வாசனை வேறாகத்தான் இருக்கிறது அக்கா, நானும் முதலில் நம்பவில்லை. மூக்கு அலுத்துப்போனால் சொந்தச் சட்டைக் கையை முகரச் சொல்கிறார்கள். நான் முகர்ந்தால் என் சட்டை தேங்காயெண்ணெயும் பெருங்காயமுமாக இருந்தது. தாத்தா பிடித்து இழுத்துத் தானும் ஒருமுறை முகர்ந்துகொண்டார்.

போன மாதம் ஒரு வேடிக்கை. ஐந்து புட்டிகளுக்கும் தாத்தா தகரத்தாள் சுற்றி நம்பர் போட்டு வைத்திருந்தார். எது எதுவென்று தெரியாமல் ருசித்து மார்க் போட வேண்டும். வருகிறவர்களில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர், அவருக்கு ஒயின்தான் உயிர். 1976-ல் பாரிஸில் இப்படித்தான் பெயரை மறைத்து வைத்து, பிரெஞ்சு நிபுணர்களே கலிபோர்னியா ஒயின்களுக்கு முதலிடம் கொடுத்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார்கள் என்று அன்றும் ஆரம்பித்தார். இது நான் கேட்பது நான்காவது தடவை. முடித்துவிட்டு, மூன்றாம் நம்பருக்குப் பத்துக்கு ஒன்பது போட்டார். உலர்ந்த திராட்சை, பழைய புத்தக அலமாரி என்றெல்லாம் வர்ணனை வேறு. தாளைப் பிரித்தால், மூன்றாம் நம்பர் சூப்பர் மார்க்கெட்டின் அடிமட்டக் கலப்பு விஸ்கி! இங்கே மதுவின் வீரியத்தைக் கணக்கிட்டு, இதற்குக் கீழே விற்கக்கூடாது என்று அரசாங்கமே ஒரு விலை வைத்திருக்கிறது. சாதாரண 700 மில்லி புட்டிக்கு அது 18 பவுண்டு 20 பென்ஸ். அந்த விலைக்கு வாங்கியதுதான் இது. ஷெர்ரி என்கிற ஸ்பெயின் ஒயின் இருந்த பீப்பாயில் பதினெட்டு வருடம் கிடந்ததற்கு மூன்றாமிடம். டீச்சரம்மா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. தாத்தா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

அன்று நானும் ஒன்றைச் சரியாகச் சொன்னேன். ஐந்தாவதை முகர்ந்ததும், "கட்டுப்போடுகிற அறை" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள். அது ஐலா தீவு விஸ்கி, பெயர் லஃப்ராய்க். முளைகட்டிய பார்லியை பீட் என்கிற மக்கிய மண்கட்டியைக் கொளுத்தி, அந்தப் புகையில் உலர்த்துகிறார்கள். அதனால் அயோடின் நெடி. நாள் முழுக்க வயதானவர்களுக்குப் புண் துடைக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா?

ஆனால் நான் அங்கே விழுங்குவது ரொம்பக் கொஞ்சம். காலை ஏழு மணிக்கு முதல் வீடு, காரோட்டிப் போக வேண்டும். இங்கிலாந்தில் 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை விடுவார்கள், ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 50தான். மாட்டினால் வேலை, விசா எல்லாம் போச்சு. என் பங்கைத் தாத்தா மருந்துச் சீசா அளவு குப்பியில் ஊற்றித் தந்துவிடுகிறார். பன்னிரண்டு குப்பி ஜன்னலில் வரிசையாக நிற்கிறது. திறக்கவில்லை.

நீ என்ன நினைப்பாய் என்று தெரியும். அப்பா. நானும் அங்கே உட்கார்ந்து அவரைத்தான் நினைத்துக்கொள்கிறேன். கடை வாசலில் நின்றபடி, யாரும் பார்ப்பதற்குள் ஒரே மூச்சில் கவிழ்த்துவிட்டு, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வருவாரே. குடிக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொள்வார். நான் பார்த்திருக்கிறேன், உன்னிடம்கூடச் சொன்னதில்லை. அத்தனை வருடம் குடித்த மனுஷன் அது என்ன வாசனை என்று ஒருநாள் அறிந்திருக்க மாட்டார்.

போன வியாழன் ஹோட்டல் பாரில் வேலை செய்கிற பையன் ஒரு காக்டெயில் கலந்தான். பெயர் 'பெனிசிலின்'. 2005 வாக்கில் நியூயார்க்கில் ஒருவர் உண்டாக்கியது. விஸ்கி, எலுமிச்சை, தேன், இஞ்சிச் சாறு, மேலே மிதக்கிற மாதிரி கொஞ்சம் புகை விஸ்கி. கையில் வாங்கி முகர்ந்தேன். அவ்வளவுதான், ஆச்சியின் இஞ்சிக் கஷாயம். அடுப்படித் திண்ணை, மழை, வரிசையில் முதலில் நீ, அப்புறம் நான். மடியில் கிடத்தி மூக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு பாலாடையை வாயில் கவிழ்ப்பாளே. எனக்கு அங்கேயே தொண்டை அடைத்துக்கொண்டது. புகை பட்டுவிட்டது என்றேன். தாத்தா ஒன்றும் கேட்காமல் தன் சட்டைக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். ஓக் மரத்தூள் வாசனை.

சரி, விடு. அத்தான் உன் கடித ஓரத்தில் 'வரும்போது ஒரு நல்ல புட்டி' என்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். நம் நாட்டுக்குள் இரண்டு லிட்டர் வரை தீர்வையில்லாமல் கொண்டுவரலாம்தான், ஆனால் நான் வருவது எப்போது என்று முடிவாகட்டும். பெங்களூரில் செய்கிற அம்ருத் விஸ்கியை வாங்கிக்கொள்ளச் சொல். 2004-ல் அதை முதலில் விற்பனைக்கு இறக்கியது இங்கே கிளாஸ்கோவில்தான். தாத்தாவுக்கு அதன்மேல் பெரிய மரியாதை. அந்த வெயிலில் வருடத்துக்கு நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேலே ஆவியாகிவிடுமாம், நாலைந்து வருடத்திலேயே இங்கத்திய பன்னிரண்டு வருடச் சரக்குக்கு ஈடு கொடுக்கும் என்கிறார்.

வேலை இந்த மாதம் கொஞ்சம் குறைவு. ஓய்வு கிடைக்கிறது, நல்லதுதான். பிப்ரவரிப் பணத்தை மார்ச்சில் சேர்த்து அனுப்புகிறேன், கமிஷன் மிச்சமாகும். அதுவரை சீட்டுக்கு அத்தானைக் கட்டச் சொல், நான் கேட்டதாகச் சொல்லாமல் நீயே கேட்பது மாதிரி கேள்.

கிணற்றடி நிலம் விஷயம். சின்ன மாமா என் கையெழுத்து இல்லாமலே பட்டாவை மாற்றிவிடலாம் என்று சொன்னாரென்று எழுதியிருக்கிறாய். முடியாது. வாரிசுச் சான்றிதழில் அம்மா, நீ, நான் மூன்று பேர் பெயரும் இருக்கிறது. அசல் பரணில் என் டிரங்குப் பெட்டியில், பழைய ரேஷன் கார்டுக்குக் கீழே. அதை எடுத்து உன் பீரோவில் வை. அவர் வந்து கேட்டால் தம்பி கொண்டுபோய்விட்டான் என்று சொல். சண்டை போடாதே, காப்பி கொடுத்து அனுப்பிவிடு.

அம்மா கண்ணுக்கு வலதா இடதா முதலில் என்று டாக்டர் சொன்னதைச் சரியாக எழுது. போனில் கேட்டால் ஒன்றுமே இல்லை என்கிறாள். பெரியத்தை சொல்வதைக் கேட்டு அமாவாசை, அஷ்டமி என்று தள்ளிப்போட விடாதே. சின்னவளுக்குப் பரீட்சைக்கு என் பழைய கணக்கு நோட்டு உதவும், அதுவும் அதே பெட்டியில்தான். திறக்கும்போது பாச்சை இருக்கும், பார்த்துத் திற.

உன் தம்பி

பி.கு.: அடுத்த கடிதத்தோடு சுக்கு ஒரு துண்டு வை. பொடி வேண்டாம், உறைக்குள் சிந்திவிடும். தாத்தாவிடம் கொடுத்து என்னவென்று கேட்க வேண்டும்.