எங்கள் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்த ஊர்க்காரர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற டீச்சர் நான். டிசம்பர் 22 கணித நாளுக்குப் பிள்ளைகள் செய்துவைத்த செயல்திட்டங்களைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினீர்கள். ரொம்ப சந்தோஷம். ஆனால் அந்தப் பாராட்டில் பெரும்பங்கு போய்ச் சேர வேண்டியவர்கள் வேறு சிலர், அவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்கு வேலையை விட்டுவிட்டுப் பள்ளிக்கு வரக்கூட முடியவில்லை, அதனால்தான் நாலு பேர் பார்க்கிற மாதிரி இங்கே எழுதுகிறேன்.

முதலில் டெய்லர் அக்கா. ஏழாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு நடந்துகொண்டிருந்தது. பாத்திரக்கடை ஐயா ஒரு மூட்டை நிறைய மூடிகளும் தாம்பாளங்களும் கொடுத்தனுப்பியிருந்தார் (கீறல் விழுந்தால் பரவாயில்லை என்று அவரே சொல்லிவிட்டார், அதற்குத் தனி நன்றி). பிள்ளைகள் நூலைச் சுற்றிச் சுற்றளவும் ஸ்கேல் வைத்து விட்டமும் எடுத்து வகுத்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு 3.1, இன்னொன்றுக்கு 3.2, ஒன்றுக்கு 3.05. சரி, மூணு சொச்சம் வருது, அதை வச்சு என்ன பண்றது மிஸ் என்று ஒரு பிள்ளை கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்கான பதில் டெய்லர் அக்காவின் கையில் இருந்தது.

அக்கா செய்தித்தாள்களை ஒட்டிப் பெரிசாக்கி, நான்காக மடித்து, மடிப்பு மூலையில் இன்ச் டேப்பை வைத்து அம்ப்ரெல்லா பாவாடைக்கு இடுப்பு வெட்டிக் காட்டினார். இடுப்பு 24 இன்ச். அதை ஆறால் வகுத்து 4 இன்ச்சில் வளைவாகக் கோடு போட்டார். ஏன் ஆறு என்று பிள்ளைகள் கேட்க, எனக்குச் சொல்லிக்கொடுத்தவங்க அப்படித்தான் சொன்னாங்க என்றார். உடனே நோட்டை எடுத்தார்கள். சுற்றளவு 2πr (r ஆரம், π என்கிற ‘பை’தான் மூடிகளில் வந்த அந்த மூணு சொச்சம், 3.14) என்றால் 24-ஐ 6.28-ஆல் வகுக்க வேண்டும், ஆரம் 3.82 தான் வருகிறது, 4 வைத்தால் சுற்றளவு 25.12 ஆகிவிடும், ஒரு இன்ச் கூடுதே அக்கா என்றார்கள். அக்கா சிரித்துக்கொண்டே, ஆமா, அந்த ஒரு இன்ச்சைப் பட்டி வைக்கும்போது சின்னச் சுருக்கமாப் பிடிச்சிடுவேன் என்றார். அதோடு விடவில்லை, மூணே முக்காலுக்குக் கொஞ்சம் தள்ளிக் குறித்து இன்னொரு தாளையும் வெட்டி, இரண்டையும் ஒரு பிள்ளையின் இடுப்பில் மாற்றி மாற்றிச் சுற்றிக் காட்டினார். தைக்கக் கிடந்த துணிகளை அப்படியே போட்டுவிட்டு மத்தியானம் முழுக்க எங்களோடு இருந்தார். பையின் மதிப்பு எதற்கு என்று அதற்கப்புறம் ஒருவரும் என்னைக் கேட்கவில்லை.

இதைக் கேள்விப்பட்டு ஓய்வுபெற்ற பேராசிரியர் ஐயா ஒருவர் தாமாகவே வந்தார். சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த ராமானுஜன், 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில், ஸ்கேலும் காம்பஸும் மட்டும் வைத்து ஒரு வட்டத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான பரப்புள்ள சதுரம் வரைய வழி சொல்லியிருக்கிறார், அதில் பைக்கு 355/113 என்ற மதிப்பை எடுத்திருக்கிறார் என்று சொல்லி, பிள்ளைகளையே போர்டில் வகுக்கவிட்டார். 3.1415929 வந்தது. உண்மையான பையோடு ஆறு தசம இடம் வரை ஒத்துப்போகிறது. பாவாடைக்கு 3.14 போதும், எதற்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதும் கணக்குதான் என்று ஐயா சொன்னதை நான் இனி ஒவ்வொரு வருஷமும் சொல்லப்போகிறேன்.

அப்புறம் கொத்தனார் அண்ணன். எட்டாம் வகுப்பு அப்பா ஒருவர். பள்ளித் தோட்டத்தில் 12 அடிக்கு 9 அடி பாத்தி கட்ட வேண்டியிருந்தது, நானே அளந்து முடித்திருப்பேன், அவர்தான் பிள்ளைங்களே கயிறு பிடிக்கட்டும் டீச்சர் என்றார். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வந்தால் மூலை சரி. இது பிதாகரஸ் தேற்றம், புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாததை அவர் சொன்னார்: சின்னதா பிடிச்சா அரை இன்ச் தப்பு சுவர் நீள நீள எங்கேயோ போயிடும், இடம் இருந்தா 6, 8, 10-ன்னு பெரிசா பிடி. ஏன் என்று பிள்ளைகள் மண்ணிலேயே வரைந்து பார்த்தார்கள். மூலைக்கு மூலை 15 அடி வர வேண்டும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டுவிட்டு டேப்பைப் பிடித்தால் ஒரு இன்ச் கூட வந்தது. அண்ணன் எதையும் தொடவில்லை. எந்த முளையை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று அவர்களே சண்டை போட்டு முடிவு செய்யும்வரை வெயிலில் நின்றார். அன்றைக்கு அவருக்குக் கூலி போயிருக்கும், நான் பேச்செடுத்தபோது கோபித்துக்கொண்டார்.

பூக்கார அம்மாவின் முழம் வைத்துப் புள்ளியியல் செய்தோம். அவர் அளக்கிற ஒவ்வொரு முழத்தையும் பிள்ளைகள் டேப் வைத்துப் பார்த்தார்கள், வித்தியாசம் அரை இன்ச்கூட இல்லை. பிறகு வகுப்பில் எல்லோருடைய முழத்தையும் எடுத்துச் சராசரியும் இடைநிலை அளவும் (வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது) கண்டார்கள். பூக்கார அம்மா, கொத்தனார் அண்ணன், வாட்ச்மேன் தாத்தா மூவரின் கை நீளத்தையும் சேர்த்ததும் சராசரி மேலே ஏறியது, இடைநிலை அளவு ஏறக்குறைய அங்கேயே நின்றது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடச் சுலபமாக நான் சொல்லிக்கொடுத்ததில்லை.

ஆறாம் வகுப்புக்குப் பரணிலிருந்து படி, உரி, உழக்கு, ஆழாக்கு எல்லாம் இறக்கிப் புளி போட்டுத் துலக்கிக் கொடுத்தனுப்பிய பாட்டிக்கு என் நமஸ்காரம். ஒரு உரி, ஒரு உழக்கு, ஒரு ஆழாக்கு அரிசி போட்டால் படி நிறைய இன்னும் ஒரு ஆழாக்கு வேண்டும். அரை, கால், அரைக்கால் கூட்டினால் எட்டில் ஏழு. பின்னக் கூட்டல் என்றாலே முகம் சுளிக்கிற பையன்கள்கூட மறுபடி மறுபடி கொட்டி அளந்தார்கள். அளந்த அரிசியும் பாட்டி வீட்டு அரிசிதான்.

தண்ணீர் டேங்கின் உயரத்தைக் கோணமானி, ஸ்ட்ரா, நூல், ஒரு நட்டு வைத்துச் செய்த கருவியால் அளக்க அனுமதி வாங்கித்தந்த தலைமை ஆசிரியருக்கும், கூடவே நின்று பார்த்துக்கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு அம்மாக்களுக்கும், அட்டைப்பெட்டிகளைத் தூக்கிப் போடாமல் சேர்த்துவைத்த மளிகைக்கடைத் தம்பிக்கும் நன்றி.

பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் யாருக்காவது அந்தக் கோணக் கருவிகளோ, முடிச்சுப் போட்ட கயிறுகளோ தேவைப்பட்டால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் என் பீரோவில்தான் இருக்கின்றன. டெய்லர் அக்கா உங்கள் பள்ளிக்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கல்யாண சீசன் மட்டும் வேண்டாமாம்.

அன்புடன்,
கணக்கு டீச்சர்