ஐரோப்பாவுக்கு வெளியில நடக்கிற ஜிம்னாஸ்ரிக் போட்டியளையும் போடுங்கோ

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

உங்கட விளையாட்டுப் பக்கத்தில கிரிக்கெட்டும் ஃபுட்போலும் நிறைய வருது, அதில எனக்கு ஒரு குறையும் இல்லை, எங்கட வீட்டிலயும் அந்தப் பக்கத்தைத்தான் முதல்ல பிரிக்கிறவை. ஆனா பாட்டுக்கு ஏத்த மாதிரி வளையம், பந்து, ரிபன் பிடிச்சுச் செய்யிற ரிதமிக் ஜிம்னாஸ்ரிக் எண்டால் ஒலிம்பிக் நடக்கேக்க ஒரு படம், அதோட சரி. அதுவும் அநேகமா ஐரோப்பாப் பிள்ளையளின்ர படம்தான். ஆசியாவில, ஆபிரிக்காவில, அமெரிக்காப் பக்கம், அவுஸ்ரேலியாப் பக்கம் எல்லாம் இதுக்கெண்டு அந்தந்தக் கண்டத்து நாடுகளுக்குள்ள கண்டப் போட்டியள் நடக்கிறது இஞ்ச கனபேருக்குத் தெரியாது. அதைப் பற்றித்தான் எழுதுறன், கொஞ்சம் நீண்டாலும் வெட்டாமல் போடுங்கோ.

இந்த விளையாட்டு கனகாலம் ஐரோப்பாக்காரரின்ர கையிலதான் இருந்தது. முதல் உலகப் போட்டி 1963 இல புடாபெஸ்ரில நடந்தது, 1978 இல ஐரோப்பாவுக்கெண்டு தனிச் சாம்பியன்ஷிப் மட்ரிட்டில துவங்கினது. மற்ற நாட்டுப் பிள்ளையளுக்கும் ஒரு மேடை வேணும் எண்டு ஐரோப்பா இல்லாத நாடுகளுக்கு மட்டும் நாலு கண்டச் சாம்பியன்ஷிப் எண்டு ஒண்டு எழுபதுகளின்ர கடைசியில வந்து தொண்ணூறுகள் வரைக்கும் நடந்தது. இந்த விளையாட்டை ஒலிம்பிக்கில சேர்த்த முதல் தரம், 1984 லொஸ் ஏஞ்சல்ஸில, தங்கம் எடுத்தது கனடாவின்ர லோரி ஃபங். சோவியத்தும் பல்கேரியாவும் வராத வருசம் எண்டு அதைக் குறைச்சுக் கதைக்கிறவை இருக்கினம். வராதவையின்ர கணக்கை வந்து செய்தவவின்ர தலையில போடக்கூடாது.

குழுப் போட்டியில இன்னும் கன வருசம் எடுத்தது. 1996 அற்லாண்டாவிலதான் அதை ஒலிம்பிக்கில சேர்த்தவை, அந்த வருசம் ஸ்பெயின், பிறகு 2000 இலயிருந்து 2016 வரைக்கும் அஞ்சு தரமும் ரஷ்யா, ரோக்கியோவில பல்கேரியா. சீனா 2008 இல சொந்த ஊர் பீஜிங்கில வெள்ளி எடுத்தது, பிறகு 2024 பாரிஸில தங்கம். ஐரோப்பாவுக்கு வெளியில இருந்து ஒரு நாடு குழுத் தங்கம் எடுத்தது அதுதான் முதல் தரம், இஞ்ச ஆராவது அதைப் பற்றிக் கதைச்சவையோ? 2025 இல ரியோவில நடந்த உலகப் போட்டியில ஜப்பான் முதலாவது, பிரேசில் ரெண்டாவது.

கண்டப் போட்டி எண்டால் ரெண்டாந்தரம், பெரிய ஆக்களோட மோதப் பயந்து தங்களுக்குள்ள விளையாடினம் எண்டு சொல்லுறவையும் இருக்கினம். எனக்கு இதில துண்டா உடன்பாடு இல்லை. இது ஓட்டப்போட்டி இல்லை, ஆர் முந்தி எண்டு கோட்டைப் பாத்துச் சொல்ல. நடுவர்மார் பாத்துப் புள்ளி போடுறது. 13 மீற்றருக்கு 13 மீற்றர் விரிப்பில அஞ்சு பிள்ளையள் ரெண்டே கால், ரெண்டரை நிமிசம் செய்யினம், அதுக்குள்ள வளையத்தையோ பந்தையோ மேல எறிஞ்சு மற்றவள் பிடிக்க வேணும், ஒண்டு கை தவறினால் எல்லாருக்கும் புள்ளி போகும். பெரிய போட்டி விரிப்பில ஏறி ஏறித்தான் அந்தப் பதட்டம் அடங்கும், புதுசா வாற நாட்டுக்கு அந்தச் சந்தர்ப்பம் ஐரோப்பாவில ஆர் குடுப்பினம்? ஒலிம்பிக்குக்கு எடுக்கிறதே மொத்தம் 14 குழுதான், அதில ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒரு இடம் வைச்சிருக்கினம், எகிப்தும் அவுஸ்ரேலியாவும் பாரிஸுக்குப் போனது அந்த வழியாலதான். கண்டப் போட்டி இல்லாட்டி அந்தப் பிள்ளையள் ரீவியில பாத்துக்கொண்டு இருந்திருப்பினம்.

இனி எங்கட ஊருக்கு வாறன். தை, மாசியில பள்ளிக்கூடங்களில இல்லங்களுக்கு இடையில மெய்வல்லுநர் போட்டி நடக்கேக்க எங்கட பொம்பிளைப் பிள்ளையள் செய்யிற உடற்பயிற்சிக் கண்காட்சியைப் பாத்திருப்பியள். எறிக்கிற வெய்யிலில, புல்லும் குறுணிக்கல்லுமாக் கிடக்கிற மைதானத்தில, சற்றின் துணியை வெட்டித் தடியில கட்டி அவையள் சுத்துற வடிவைப் பாருங்கோ. காத்து அடிச்சால் துணி தடியோட சுத்திக்கொள்ளும், பிள்ளை கையை நிப்பாட்டாமல் ஒரு உதறு உதறி எடுத்துவிட்டிட்டு அடுத்த எண்ணிக்கைக்குச் சரியா வந்து நிப்பாள். போட்டியில பெரிய பிள்ளையள் பிடிக்கிற ரிபன் 6 மீற்றர், அதில முடிச்சு விழுந்தால் அங்கயும் புள்ளி குறைப்பினம். அந்தச் சமாளிப்பு எங்கட பிள்ளையளிட்ட ஏற்கனவே இருக்கு, கோலாட்டமும் கும்மியும் பழகினதால சேர்ந்து அசையிறதும் கை வந்த விசயம். ஆனா போட்டி முடிஞ்ச அண்டைக்கே துணியைச் சுத்தி அலுமாரியில வைச்சுப் பூட்டினால் பிறகு அடுத்த வருசம்தான்.

என்னைக் கேட்டால் எயிஸ்தெற்றிக் குழு ஜிம்னாஸ்ரிக்கில இருந்து துவங்கலாம். அது பின்லாந்தில உருவானது, முதல் உலகப் போட்டி 2000 ஆம் ஆண்டு, ஒலிம்பிக்கில இன்னும் இல்லை. அதில வளையம், பந்து, ரிபன் ஒண்டும் தேவையில்லை, 6 பேரில இருந்து 10 பேர் வரைக்கும் சேர்ந்து செய்யலாம், ஒரு அசைவில இருந்து மற்ற அசைவு அறுபடாமல் வரவேணும், உடம்பு முழுக்க அலை மாதிரிப் போகவேணும். ஜப்பான், கனடாப் பிள்ளையளும் இதில இருக்கினம். சாமான் வாங்கக் காசில்லை எண்ட பேச்சே இதில வராது, பள்ளிக்கூட மண்டபமும் நல்ல ரீச்சரும் இருந்தால் பழக்கத் துவங்கலாம்.

உடுப்பு எண்டு தாய்தேப்பன்மார் யோசிப்பினம், அது நியாயமான யோசனைதான், நானும் ஒரு அம்மா. ரிதமிக்கில காலை முழுக்க மூடுற நீளமான உடுப்புக்கு விதியிலயே இடமிருக்கு, இதை ரீச்சர்மார் முதல் கூட்டத்திலயே சொன்னால் பாதிப் பிரச்சினை தீந்திடும். பெரிய பிரச்சினை சோதினை. அஞ்சாம் வகுப்புப் புலமைப்பரிசில் வந்தவுடன டான்ஸ், விளையாட்டு எல்லாத்தையும் நிப்பாட்டுறம், பிறகு ஓஎல். ரிதமிக்கில பிள்ளை பெரியாக்கள் பிரிவுக்கு வாறதே 16 வயசில, சரியா அந்த நேரம் பாத்து ரியூசனுக்கு அனுப்பிறம். கிழமையில ரெண்டு பின்னேரம் விட்டால் அவளின்ர படிப்பு கெட்டுப்போகாது.

இலங்கையால ஏலாது எண்டும் சொல்ல வேண்டாம். மில்கா கெஹானி ரோக்கியோ ஒலிம்பிக்குக்குப் போனவ, அது பார், பீம் எண்டு செய்யிற ஆர்ரிஸ்ரிக் ஜிம்னாஸ்ரிக் எண்டாலும் இலங்கையில இருந்து ஜிம்னாஸ்ரிக்குக்கு ஒலிம்பிக் போன முதல் ஆள் அவதான். ஆசிய விளையாட்டில ரிதமிக் 1994 ஹிரோஷிமாவில இருந்து இருக்கு, கொமன்வெல்த்தில 1990 ஒக்லண்டில வந்தது. எங்களுக்குக் கிட்ட இருக்கிற கதவுகள் இதுகள்.

ஐயா, உங்களிட்ட ரெண்டு விசயம் கேக்கிறன். ஆசியச் சாம்பியன்ஷிப் நடக்கேக்க முடிவுகளைப் படத்தோட போடுங்கோ, மற்றக் கண்டங்களின்ரயும் ஒரு மூலையிலயாவது வரட்டும். மற்றது, முந்தி எங்கட பள்ளிக்கூடங்களில உடற்பயிற்சி பழக்கின ரீச்சர்மார் கனபேர் ஓய்வெடுத்து வீட்டில இருக்கினம், அவையளிட்டக் கேட்டு எழுத வையுங்கோ. மாகாண விளையாட்டுக்குப் பொறுப்பானவை இதை வாசிச்சால், வடக்குக்கு 13 மீற்றர் விரிப்பு ஒண்டு எடுத்துத் தாங்கோ, எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளையும் வந்து பழகக்கூடிய ஒரு பொது மண்டபத்தில அதை விரிச்சு விடுங்கோ.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நல்லூர், யாழ்ப்பாணம்.